வேதாளைக் கரையில் ஆயர்களுக்கு ஓர் ஓய்வு இல்லம்: தங்கி வந்த ஓர் ஆயர் மனைவியின் மதிப்பீடு

ஆயர்களுக்கான முகாம் என்று அழைப்பிதழ் வந்தால் நான் முதலில் பார்ப்பது நிகழ்ச்சி நிரலைத்தான். காலை ஐந்தரைக்கு ஜெபம், ஏழுக்குத் தியானம், ஒன்பதுக்கு முதல் செய்தி, பதினொன்றுக்கு இரண்டாம் செய்தி, இரவு எழுப்புதல் கூட்டம் என்று போட்டிருந்தால் மடித்து வைத்துவிடுவேன். வாரம் முழுக்கப் பேசிக் களைத்த மனிதரைக் கூட்டிக்கொண்டு போய், இன்னும் நன்றாகப் பேசுகிறவர்கள் முன்னால் உட்கார வைப்பதற்கு ஊக்கமூட்டுதல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு பை, ஒரு பேனா, ஒரு நோட்டு. முகத்தில் போனபோது இருந்ததைவிட அதிகக் களைப்பு.

இந்த இல்லத்தின் நிரல் அரைப் பக்கம்கூட இல்லை. முதல் நாளுக்கு எதிரே 'சாப்பாடு, தூக்கம்' என்று மட்டும் எழுதியிருந்தது. மனைவியும் வர வேண்டும் என்று கீழே கோடிட்டிருந்தது. அதனால்தான் போனோம்.

எங்கள் சேகரம், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கும் சபைகளின் தொகுதி, சாயல்குடிப் பக்கம். சில சபைகள் கடலோரத்தில், சில உள்ளே பனங்காட்டுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில். நான் பள்ளிக்கூட ஆசிரியை. ஆயர் குடியிருக்கும் குருமனையின் கணக்கு, வந்தவர்களுக்குக் காப்பி, ஞாயிறு பள்ளி, ஐயா ஊரில் இல்லாதபோது வாசலில் வந்து அழுகிறவர்கள் எல்லாம் என் பொறுப்பு. ஆகவே இது ஆயர் எழுதும் மதிப்பீடு அன்று. ஆயரோடு குடித்தனம் நடத்துகிறவள் எழுதுவது.

போகும் வழி: இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் பஸ்ஸில் உச்சிப்புளி தாண்டி வேதாளையில் இறங்க வேண்டும். எல்லா பஸ்ஸும் நிற்காது. ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கமாக, பனை மரங்களுக்கு நடுவில் ஒரு மண்பாதை. பெட்டி கனமாக இருந்தால் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். பலகை எதுவும் கிடையாது. ஓய்வுபெற்ற ஓர் ஆயரும், செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற அவர் மனைவியும் தங்கள் பழைய ஓட்டு வீட்டை விரித்துக் கட்டி நடத்துகிறார்கள். அவரைப் பெரியவர் என்றும் அவர் மனைவியை அம்மா என்றும் இங்கே சொல்கிறேன். விளம்பரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயரும் எண்ணும் இங்கே தரவில்லை. நம் மாவட்டத்து ஆயர்களிடம் விசாரித்தால் வழி கிடைக்கும்.

குறைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளித்துவிட்டு வந்தால் தலைமுடி கயிறு மாதிரி நிற்கும். குடிக்க மட்டும் காவிரித் தண்ணீர், அதுவும் குடங்கள் அடுக்கிய தள்ளுவண்டியில் வருவது. வீணாக்கினால் அம்மா முறைப்பார். மெத்தை மெலிசு. கொசுவலை எல்லா அறைக்கும் இல்லை. கழிவறை பின்கட்டில், இரவில் கைவிளக்கோடு போக வேண்டும். பள்ளிவாசல் பக்கத்தில் இருப்பதால் விடியற்காலைப் பாங்கு எழுப்பிவிடும். இதைக் குறையாகச் சொன்ன ஓர் ஆயரிடம் பெரியவர், "உங்கள் கோயில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் என்றைக்காவது கேட்டதுண்டா?" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

திங்கள் மாலை போய்ச் சேர்ந்ததும் ஜெபம் இருக்கும் என்று எல்லோரும் வேதாகமத்தோடு திண்ணையில் உட்கார்ந்தோம். அம்மா இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு வந்தார். வரிசையாகக் கையை நீட்டச் சொல்லி, விரலில் குத்திச் சர்க்கரையும் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. என் கணவரின் சீட்டைப் படித்துவிட்டு அதை அவரிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். ஆயர் வேலையில் சர்க்கரை எப்படி ஏறுகிறது என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. வீடு சந்திப்புக்குப் போனால் வீட்டுக்கு வீடு தேநீர். மறுத்தால் ஏழை வீடு என்று ஒதுக்கிவிட்டார் என்பார்கள். அவர் சொன்ன வழி: முதல் வீட்டில் தேநீர் குடியுங்கள், அடுத்த வீடுகளில் நீங்களே முந்திக்கொண்டு வெந்நீர் கேளுங்கள். கேட்டு வாங்கிக் குடித்தால் யாருக்கும் மனம் நோகாது. கண் துஞ்சாமல் ஜெபிக்கச் சொல்லும் செய்திகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். ஆயரின் உடம்புக்கு நேராக உதவிய ஒரு பேச்சை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பிறகு சாப்பாடு: இடியாப்பம், காரல் மீன் சொதி. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் குழம்பு அது. மறுநாள் மதியம் கணவாய் வறுவல், காலையில் கருப்பட்டிக் காப்பி. முண்டு மிளகாய் அரைத்த குழம்பில் காரம் கொஞ்சம் தூக்கல். வெளியூர்க்காரர்கள் முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. சமைக்கிற பெண்மணி வேதாளைக்காரர். கைப்பக்குவத்துக்கு முழு மதிப்பெண்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லாக் கைபேசிகளும் ஓர் ஓலைக் கொட்டானுக்குள் போய்விடும். காலைக் காப்பிக்குப் பிறகுதான் திரும்ப வரும். அவசரத்துக்கு இல்லத்தின் எண்ணைச் சபைக் கமிட்டிச் செயலரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். எது அவசரம் என்பதையும் பெரியவரே வரையறுத்திருக்கிறார்: சாவு, ஆஸ்பத்திரி, கடலுக்குப் போனவர் திரும்பாமை. சபையார் கூடி உண்ணும் அசன விருந்துக்கு அரிசி யார் கணக்கில் வாங்குவது என்பது அவசரம் ஆகாது. அன்று இரவு என் கணவர் தூங்கியதை நான் உட்கார்ந்து பார்த்தேன் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும், ஆனாலும் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பெரியவர் எடுத்துக்கொண்ட பகுதி யாத்திராகமம் 18. மோசேயின் மாமனார் எத்திரோ வந்து, காலைமுதல் மாலைவரை தனி ஒருவனாக உட்கார்ந்து வழக்குத் தீர்க்கிறாயே, நீயும் ஜனங்களும் தொய்ந்து போவீர்கள், பொறுப்பைப் பிரித்துக் கொடு என்று சொல்லும் இடம். ஆயர்கள் எல்லோருக்கும் தெரிந்த பகுதிதான். கமிட்டித் தேர்தல் முடிந்ததும் எல்லாச் சபையிலும் இதைத்தான் பிரசங்கிப்பார்கள். பெரியவர் அந்த அறிவுரைக்குப் போகவே இல்லை. அதிகாரத்தின் தொடக்க வசனங்களை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். எத்திரோ வெறுங்கையோடு வரவில்லை. மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டுதான் வருகிறார். அறிவுரை மறுநாள்தான். அதற்கு முந்தின நாள் குடும்பம் கூடாரத்துக்கு வந்தாயிற்று.

"செங்கடலைக் கடக்கும்போது உங்கள் வீட்டார் எங்கே இருந்தார்கள் ஐயா?" என்று ஓர் இளம் ஆயரைக் கேட்டார். அவர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அதற்குமேல் விளக்கம் எதுவும் தராமல் எங்களை இணை இணையாகக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டார். ஆயர்களுக்கு யோசனை சொல்ல வருகிறவர்கள் எத்திரோவின் இரண்டாம் நாளை மட்டும் படித்துவிட்டு வருகிறார்கள் என்பது என் எண்ணம்.

இனி நான் நீட்டி எழுத வேண்டிய பகுதி. அன்று பிற்பகல் கடலோரச் சபைகளில் இருப்பவர்களுக்காக மட்டும் ஓர் அமர்வு. நாங்கள் மனைவிமாரும் இருந்தோம். பெரியவர் ஒரு பழைய தகரப் பெட்டியைத் திறந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வீடு. படகின் பதிவு எண், மீனவர் அடையாள அட்டை எண், ஆதார் நகல் எங்கே இருக்கிறது, படகில் கூடப் போகிறவர்கள் யார், அக்கரையில் பேசத் தெரிந்த உறவினர் யாராவது உண்டா, யாருக்குக் கடன். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று செய்தி வந்தால் அந்த வீட்டுப் பெண் முதலில் கோயிலுக்குத்தான் ஓடி வருகிறாள். அடுத்த சில மணி நேரத்தில் மீன்வளத் துறைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் கொடுக்கக் காகிதம் வேண்டும். அந்த நேரத்தில் பீரோவைக் கவிழ்த்துத் தேட அவளால் முடியாது. "ஞானஸ்நானப் பதிவேடு எல்லோரிடமும் இருக்கிறது. படகுப் பதிவேடு யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டார். ஒரு கைகூட உயரவில்லை.

ஆராதனை நேரத்தையும் படகைப் பார்த்து வையுங்கள் என்றார். விசைப்படகு எந்தக் கிழமை போகிறது, எப்போது கரை சேர்கிறது, நாட்டுப்படகுக்காரர் எந்த நேரம் வலை எடுக்கிறார் என்று தெரியாமல் காலை எட்டரைக்கு மணி அடித்துவிட்டு, ஆண்கள் வரவில்லை என்று பிரசங்கத்தில் திட்டுவதால் பயனில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் குடும்பங்களில் அப்போது ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் பணம் இருக்காது. கூட்டம் நிறையும், காணிக்கை குறையும். கட்டட நிதிக்கு வாக்குறுதி வாங்க அதைவிடக் கெட்ட காலம் இல்லை. வீடு சந்திக்க அதைவிட நல்ல காலமும் இல்லை. பாசி எடுக்கவும் மிதவையில் பாசி வளர்க்கவும் போகிற பெண்கள் இருக்கும் ஊரில் பெண்கள் கூட்டத்தைக் காலையில் வைக்கிறவர் அந்த ஊரைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பிறகு அந்த இளம் ஆயர், செங்கடல் கேள்வியில் மாட்டியவர், ஒன்று கேட்டார். கடலில் காணாமல் போனவருக்கு எப்போது இரங்கல் ஆராதனை நடத்துவது? உடல் கிடைக்கவில்லை. அண்ணன் தம்பிகள் நடத்தச் சொல்கிறார்கள், மனைவி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். எந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது?

பெரியவர் நேரம் எடுத்துக்கொண்டார். சட்டப்படி ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் இறந்தவராகக் கொள்வார்கள் என்றார். ஆனால் நிவாரணம், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஏழு ஆண்டுகள் காத்திருக்காது. அதற்கான மனுக்களை ஆயர் எழுதித் தரலாம், எழுதித் தர வேண்டும். ஆராதனைக்கு மட்டும் நாள் குறிக்கிற உரிமை அவளுடையது. அண்ணன் தம்பிகளுக்கும் கிடையாது, ஆயருக்கும் கிடையாது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அவர் பெயரை 'கடலில் இருப்பவர்கள்' வரிசையில் வையுங்கள். எந்த ஞாயிறு அவள் வந்து, வேறு வரிசைக்கு மாற்றுங்கள் ஐயா என்று சொல்கிறாளோ, அன்று மாற்றுங்கள். அவர் தம் ஊழியத்தில் ஒரு பெயரை அப்படி ஆண்டுக்கணக்காக வாசித்திருக்கிறாராம். சபையார் முணுமுணுத்திருக்கிறார்கள். அவர் வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

இந்த ஒரு பதிலுக்காக மட்டுமே ஆட்டோவுக்குக் கொடுத்த பணம் தகும்.

புதன்கிழமை மாலை கரையோரமாக நடத்திக்கொண்டு போய் அந்தோனியோ கிரிமினாலியைப் பற்றிச் சொன்னார். 1549இல் இந்த வேதாளையில் கொல்லப்பட்ட இத்தாலிய குரு. இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி. முப்பது வயது நிரம்பவில்லை. இராமேசுவரம் போகிற யாத்திரிகர்களை மறித்துப் போர்த்துகீசியர் வரி வாங்கப்போக, அதில் மூண்ட சண்டை. போர்த்துகீசியரைத் தாக்கப் படை வந்தபோது அவர் பெண்களையும் பிள்ளைகளையும் படகுகளில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார், தாம் ஏறவில்லை. நாங்கள் சீர்திருத்தச் சபைக்காரர்கள், ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தரைத் தவிர இந்தக் கரையின் கத்தோலிக்கப் பெயர்கள் எதுவும் எங்களுக்குப் பழக்கமில்லை. கேட்ட ஒருவர் உடனே இரத்தசாட்சி மரணம் பற்றி உருக்கமாகத் தொடங்கினார். பெரியவர் அவர் தோளில் கை வைத்து, "படகில் ஏற்றுகிற வேலையை முதலில் படித்துக்கொள்ளுங்கள் ஐயா" என்றார். வரி வாங்கியவர்கள் மூட்டிய கோபத்துக்கு இந்த மனிதர் பலியானார் என்பதை அவர் பூசி மெழுகாமல் சொன்னது எனக்குப் பிடித்தது. இது போன்ற இடங்களில் நம்மவர்கள் வரலாற்றைப் பாதியில் நிறுத்திவிடுவது வழக்கம்.

பணத்தைப் பற்றிய அமர்வில் பதினெட்டாம் நூற்றாண்டு மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரை எடுத்துக்கொண்டார். இராமநாதபுரத்தில் அவர் பெயரால் இருக்கும் பள்ளியை, அப்துல் கலாம் படித்த பள்ளி என்பதால், எல்லோருக்கும் தெரியும். 1779இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை மைசூரை ஆண்ட ஐதர் அலியிடம் தூது அனுப்பியது. வழிச்செலவுக்கென்று ஐதர் கொடுத்த பணத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் சென்னையில் கம்பெனியாரிடம் ஒப்படைத்தார். அவர்கள் திருப்பிக் கொடுத்தபோது தஞ்சாவூரில் பள்ளிக்கூடத்துக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கதை முடிந்ததும் நேராக நடைமுறைக்கு வந்துவிட்டார். காணிக்கையை ஆயர் எண்ணக் கூடாது. எண்ணும்போது பக்கத்தில் நிற்கவும் கூடாது. இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்திட்டு, திங்கட்கிழமையே வங்கிக்குப் போக வேண்டும். கையில் திணிக்கிற கவரை வீட்டுக்குள் கொண்டுபோவதற்கு முன் நோட்டில் எழுத வேண்டும். சபையாரிடம் கடன் வாங்கவே கூடாது. கொடுப்பதாக இருந்தால் கடனாகக் கொடுக்காமல் கொடுத்துவிட வேண்டும்.

நடுவில் ஓர் அரை நாள் வீணாய்ப் போயிற்று. பெருநகரத்திலிருந்து தலைமைத்துவப் பயிற்சி தருகிற ஒருவர் வந்திருந்தார். சுவரில் படம் காட்டி, சபையை வளர்க்கும் படிகள் என்று ஏதேதோ ஆங்கிலத்தில் ஓட்டினார். தண்ணீர் வண்டி வந்த சத்தம் கேட்டு நான் உதவி செய்வதாகச் சொல்லி எழுந்துபோய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு அம்மாமார் குடம் தூக்க வந்துவிட்டார்கள். இல்லத்தார் அவரை மரியாதைக்காக அழைத்திருக்கலாம். அடுத்த முறை மரியாதையை மதியச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

மனைவிமாருக்கென்று தனியாக ஓர் அமர்வு இருந்தது. 'பொறுமை' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். எங்களில் மூத்த ஒருவர், "பொறுமையில் நாங்கள் பட்டம் வாங்கிவிட்டோம் அக்கா, வேறு பாடம் இருந்தால் சொல்லுங்கள்" என்றார். செவிலியர் அம்மா சிரித்துக்கொண்டே தலைப்பை அடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஓய்வுபெறுகிற நாளில் குருமனைச் சாவியைக் கொடுத்துவிட்டு எங்கே போவீர்கள்?

ஆயர் குடும்பத்துக்கு வாழ்நாள் முழுக்க வீடு இருக்கிறது, சொந்தமாக ஒன்றும் இருப்பதில்லை. மாற்றல் உத்தரவு வந்தால் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் மூட்டை கட்டுகிறோம். அறுபது வயதைத் தாண்டி முதன்முறையாக வாடகை வீடு தேடுகிறவர்கள் ஆயர்கள்தாம். அவர்கள் இருவரும் அந்த வேதாளை மனையை எப்படி வாங்கினார்கள், சம்பளத்தில் மாதா மாதம் எதைத் தொடாமல் வைத்தார்கள், எந்தச் சேமிப்பை அஞ்சலகத்தில் போட்டார்கள் என்று கணக்கைத் திறந்து காட்டினார். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொன்ன ஓர் அம்மாவிடம், "பார்த்துக்கொள்வார். அஞ்சலகத்தின் வழியாகவும் பார்த்துக்கொள்வார்" என்றார். ஆயர்கள் அப்போது வெளியே திண்ணையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் உள்ளே இருந்திருக்க வேண்டிய அமர்வு அது. என் பெரிய குறை இதுதான். கிளம்புமுன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், குறித்துக்கொண்டார்.

கட்டணம் என்று எதுவும் இல்லை. வியாழக்கிழமை மதியம் கிளம்பும்போது வாசலில் ஓர் உறைப்பெட்டி இருக்கும். ஆயர்தானே என்று காலி உறை போடுகிறவர்கள் உண்டு என்று சமைக்கிற பெண்மணி மூலம் தெரிந்துகொண்டேன். மீன் என்ன விலை விற்கிறது என்று பக்கத்து ஊரான மண்டபத்தில் விசாரித்துவிட்டு உறையில் வையுங்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆடிக் காற்றில் போகாதீர்கள். சோற்றிலும் மணல் விழும். தடைக்காலத்தில் கடலோர ஆயர்களுக்குச் சபையை விட்டு நகர முடியாது. பொங்கலுக்குப் பிறகு, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து தொடங்குமுன் போவது நல்லது. இடம் குறைவு என்பதால் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். சிறு பிள்ளைகளை ஏற்றுக்கொள்கிறார்கள், விளையாட இடமும் உண்டு, ஆனால் கிணற்றுக்கு மூடி இல்லை; கவனம். மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். கிதார் வேண்டாம். கொசுவலையும் கைவிளக்கும் கட்டாயம். நீள நோட்டு ஒன்றை இராமநாதபுரத்திலேயே வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். வேதாளைக் கடைகளில் பள்ளிக்கூட நோட்டுதான் கிடைக்கிறது, அதில் படகு எண்ணுக்கும் கடன் கணக்குக்கும் கட்டம் பத்தாது.